சித்திரக்கதை ஓவியர்களின் கையொப்பக் கடிதங்கள்

சித்திரக்கதை (காமிக்ஸ்) ஓவியர்கள் தம் வாசகர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் சக ஓவியர்களுக்கும் எழுதிக் கையொப்பமிட்ட கடிதங்களைத் தேடித் திரட்டிப் பாதுகாப்பது உலகெங்கும் சிறு வட்டங்களில் நடந்துவரும் ஒரு சேகரிப்பு முறை. தபால்தலை, நாணயம், பழைய இதழ் ஆகியவற்றைச் சேகரிப்போர் தமிழ்நாட்டில் ஏராளம். ஓவியரின் கடிதத்தைச் சேகரிப்போர் குறைவு. ஆனால் சித்திரக்கதையின் வரலாற்றை எழுத முனைவோருக்கு இக்கடிதங்கள்தான் பல சமயம் முதல் சான்றாக அமைகின்றன.

கையொப்பம் மட்டும் வேண்டுவோர் விழா மேடையில் ஒரு தாளை நீட்டி வாங்கிவிடலாம். கடிதம் வேறு வகை. அதில் ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் சொன்ன விடை இருக்கிறது. தேதி, இடம், முகவரி, அஞ்சல் முத்திரை இருக்கின்றன. சிலவற்றில் ஓரத்தில் கிறுக்கிய சிறு படமும் இருக்கும். சேகரிப்போர் சந்தையில் படம் உள்ள கடிதத்துக்கே விலை அதிகம். ஆய்வாளருக்கோ படமில்லாத, விடை நிறைந்த கடிதமே மதிப்புடையது.

பெயர் அச்சாகாத பக்கங்கள்

இச்சேகரிப்பு ஏன் முக்கியம் என்பதைத் தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் அறிந்த ஒரு கதாபாத்திரத்தை வைத்தே விளக்கலாம். சிவகாசியில் இருந்து சௌந்தரபாண்டியன் வெளியிட்ட முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. முல்லை தங்கராசன் அதன் தொடக்கக்கால ஆசிரியர். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைந்துபோகும் அந்த நாயகன் தமிழ்ச் சிறுவர்களின் ஒரு தலைமுறையையே ஆட்கொண்டான். மூலக்கதை இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-இல் தொடங்கியது. எழுதியவர் கென் புல்மர், பின்னர் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ (1919–1995).

இவ்விவரம் இன்று எளிதாகக் கிடைக்கிறது. அன்று அப்படியில்லை. அக்காலப் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்கள் பொதுவாக எழுத்தாளர், ஓவியர் பெயர்களை அச்சிடுவதில்லை. ஓவியர் பக்கத்தின் மூலையில் பெயர் எழுதினாலும் அழித்துவிடும் வழக்கம் இருந்தது. 1977-இல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழில் கெவின் ஓநீல் என்ற ஓவியர் படைப்பாளர் பெயர்ப்பெட்டியைப் புகுத்திய பிறகே அந்நாட்டில் நிலைமை மாறத் தொடங்கியது. மூலத்திலேயே இல்லாத பெயர் மொழிபெயர்ப்பில் எங்கிருந்து வரும்? மாயாவியைத் தமிழில் படித்தவர்கள் ஓவியரைப் பாராட்டிக் கடிதம் எழுத விரும்பியிருந்தாலும், யாருக்கு எழுதுவது என்பது தெரியாது. பிளாஸ்கோ 1995 வரை உயிரோடு இருந்தார்.

லயன் காமிக்ஸின் நிலை இன்னும் வேறு. எஸ். விஜயன் 1984-இல் மாடஸ்டி பிளைசியின் சாகசத்தோடு அவ்விதழைத் தொடங்கினார். பீட்டர் ஓடொன்னல் எழுதிய அத்தொடர் 1963-இல் லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் அறிமுகமானது. மாடஸ்டிக்கு முதலில் உருவம் கொடுத்த ஜிம் ஹோல்டவே 1970-இலேயே இறந்துவிட்டார். லயன் முதல் இதழ் வந்தபோது அவர் மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்குப் பின் ஸ்பெயினின் என்ரிக் பதியா ரொமெரோ, ஜான் பர்ன்ஸ், பேட்ரிக் ரைட், நெவில் கால்வின் எனப் பலர் வரைந்தனர். ஆகவே ‘மாடஸ்டி ஓவியரின் கடிதம்’ என்று ஒருவர் விற்க வந்தால், எந்த ஓவியர், எந்த ஆண்டு என்பதே முதல் கேள்வி.

பெயரற்ற ஓவியரைக் கடிதம் வெளிக்கொண்டுவந்ததற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்கரான கார்ல் பார்க்ஸ் (1901–2000). டொனால்ட் டக் கதைகளை 1942 முதல் வரைந்தவர், ஸ்குரூஜ் மாமாவை 1947-இல் உருவாக்கியவர். எல்லா இதழ்களிலும் வால்ட் டிஸ்னியின் பெயர் மட்டுமே இருந்தது. பல ஓவியர்கள் வரைந்த வாத்துகளுக்கிடையே ஒருவரது கோடு மட்டும் தனித்துத் தெரிவதைக் கண்டுகொண்ட வாசகர்கள் அவரை ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று குறிப்பிட்டுவந்தார்கள். 1960-இல் ஜான் ஸ்பைசர் என்ற இளைஞர் முகவரியைத் தேடிப் பிடித்து அவருக்குக் கடிதம் எழுதினார். ஏறக்குறைய அறுபது வயதை எட்டியிருந்த பார்க்ஸ் அதை நம்பவில்லை. நண்பர் யாரோ விளையாடுகிறார் என்றே முதலில் எண்ணினார். நம்பிய பிறகு பதில் எழுதினார். அதன்பின் வாசகர்களோடு நீண்டகாலம் கடிதத் தொடர்பில் இருந்தார். அவர் எந்தக் கதையை எழுதினார், எதை வரைந்தார் என்ற பட்டியலை ரசிகர்கள் உருவாக்கியதில் அக்கடிதத் தொடர்புக்குப் பெரும் பங்கு உண்டு.

புனைபெயரும் கையொப்பமும்

தமிழ் இதழ் ஓவியர்களிடம் சிக்கல் தலைகீழானது. இங்கே படத்தில் பெயர் இருக்கும். அது புனைபெயராக இருக்கும். ஆனந்த விகடனில் வரைந்த கோபுலுவின் (1924–2015) இயற்பெயர் கோபாலன். தென்னகக் கோயில்களைக் கோட்டோவியமாக்கிய சில்பியின் இயற்பெயர் பி. எம். சீனிவாசன். இருவருக்கும் அப்பெயர்களைச் சூட்டியவர் மூத்த ஓவியர் மாலி, அவரும் டி. ஆர். மகாலிங்கம் என்பவரே. அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன்–வேதாளம் படத்தை வரைந்த சங்கர் (1924–2020), கே. சி. சிவசங்கரன். இவர்களுள் ஒருவரது கடிதம் இயற்பெயர்க் கையொப்பத்தோடு பழைய காகிதக் கட்டில் கிடந்தால், புனைபெயரை மட்டும் அறிந்தவர் அதை யாரோ ஒருவரது குடும்பக் கடிதம் என்று கடந்துபோய்விடுவார். சேகரிப்பவர் இரண்டு பெயரையும், முடிந்தால் இரண்டு கையொப்பத்தின் வடிவத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒரே ஓவியர் இரு பெயரில் கையொப்பமிடுவதும் உண்டு. தமிழில் ‘கேப்டன் டைகர்’ என்று வெளிவரும் புளூபெர்ரி தொடரை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ழான் ழிரோ (1938–2012) அத்தொடரில் ‘ழிர்’ என்றும், அறிவியல் புனைகதைகளில் ‘மோபியஸ்’ என்றும் கையொப்பமிட்டார். இரண்டும் அசல். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ரசிகரின் பெயரெழுதி, சிறு படம் வரைந்து, கையொப்பமிட்டுத் தருவதை ‘டெடிகாஸ்’ என்பார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் டெடிகாஸைக் கிழித்தெடுத்துக் கடிதம்போல விற்பவர்களும் இருக்கிறார்கள். தாளின் ஒரு விளிம்பு மட்டும் பிசிறாக இருந்தால் ஐயப்பட வேண்டும்.

கையொப்பமே இல்லாத கடிதம்

கையொப்பம் இருந்தால் அசல், இல்லாவிட்டால் வெறுந்தாள் என்று கருதுவது தொடக்கநிலைச் சேகரிப்பாளரின் வழக்கம். அதற்கு மறுப்பாகச் சித்திரக்கதை உலகுக்கு வெளியே, திருவண்ணாமலையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1896 ஆகஸ்ட் இறுதியில் மதுரையை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவன் (பின்னாளில் இரமண மகரிஷி) வீட்டில் ஒரு குறிப்பை விட்டுச்சென்றான். ‘நான்’ என்று தொடங்கும் அக்குறிப்பு விரைவிலேயே ‘இது’ என்று மாறுகிறது. முடிவில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டும் இருக்கிறது. அண்ணனின் கல்லூரிக் கட்டணப் பணத்தில் மீதி 2 ரூபாயை இத்துடன் வைத்திருப்பதாகவும் அது சொல்கிறது. 1938-இல் ஆசிரமத்துக்கான உயிலில் ஒப்பமிட வேண்டிய இடத்திலும் அவர் ஒரு கோடுதான் இழுத்தார்.

பெயரில்லாத அந்தக் குறிப்பின் உண்மைத்தன்மையை எவரும் ஐயுறுவதில்லை. யார் வீட்டில், எந்த நாளில், எந்தப் பணத்தோடு கிடைத்தது என்ற சூழல் முழுவதும் தெரிந்திருப்பதே காரணம். ஆவணக் காப்பாளர்கள் இதை ‘வந்த வழி’ என்ற பொருளில் ஆராய்வார்கள். ஓவியரின் கடிதத்துக்கும் இதே அளவுகோல்தான். அழகான கையொப்பமும், வந்த வழி தெரியாத தாளும் சேர்ந்திருந்தால் விலை கொடுக்கத் தயங்க வேண்டும்.

உறை சொல்லும் சாட்சி

வந்த வழியைச் சொல்வதில் உறைக்கு இணை இல்லை. திருவண்ணாமலை வாசகர் ஒருவருக்கு வந்ததாகச் சொல்லப்படும் கடிதம் கையில் இருப்பதாகக் கொள்வோம். உறைமேல் எழுதிய முகவரியின் ஒவ்வொரு வரியும் ஒரு கடிகாரம்.

‘மதராஸ் மாநிலம்’ என்றிருந்தால் அது 1969 ஜனவரிக்கு முந்தைய வழக்கு. அதன் பிறகே ‘தமிழ்நாடு’ அதிகாரபூர்வப் பெயரானது. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே 606601 என்ற எண்ணைத் தாங்கிய உறை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. மாவட்டப் பெயர் இன்னும் கூர்மையான சான்று. 1989 செப்டம்பர் 30 வரை இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அன்று பிரிக்கப்பட்டபோது ‘திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்’ என்று பெயரிடப்பட்டது. 1997-இல் மாவட்டங்களின் தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபோது ‘திருவண்ணாமலை மாவட்டம்’ ஆனது. 1980-ஆம் ஆண்டுத் தேதியிட்ட கடிதத்தில் ‘திருவண்ணாமலை மாவட்டம்’ என்று முகவரி இருந்தால் போலி செய்தவர் வரலாற்றுப் பாடத்தில் கோட்டைவிட்டார் என்று பொருள்.

அனுப்பிய ஊருக்கும் இச்சோதனை பொருந்தும். சிவகாசி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம். பிறகு காமராஜர் மாவட்டம். 1997 முதல் விருதுநகர் மாவட்டம். சென்னையின் ஆங்கிலப் பெயர் 1996 வரை மெட்ராஸ். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை தேவை. புதிய பெயர் பழைய தேதியில் இருந்தால்தான் ஐயம். பழைய பெயர் புதிய தேதியில் இருப்பது இயல்பு. அச்சடித்த கடிதத்தாள் தீரும்வரை யாரும் மாற்றமாட்டார்கள். வயதானவர்கள் வட ஆர்க்காடு என்று எழுதுவதைச் சட்டென்று விடவும் மாட்டார்கள்.

எழுத்துச் சீர்திருத்தமும் அப்படித்தான். 1978 அக்டோபரில் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ‘திருவண்ணாமலை’ என்ற சொல்லில் மாறிய எழுத்துகள் இரண்டு உள்ளன: ணா, லை. தும்பிக்கை போல் முன்னால் வளைந்த பழைய லை-யும், காலைச் சுழித்த பழைய ணா-வும் கையெழுத்தில் இருந்தால், எழுதியவர் 1978-க்கு முன் பள்ளி சென்றவர் என்று மட்டும் சொல்லலாம். கடிதம் எழுதிய ஆண்டை அது சொல்லாது. பழைய வடிவத்தையே கடைசிவரை எழுதியோர் பலர். மறுபுறம், 1965-ஆம் ஆண்டுக் கடிதத்தில் புதிய வடிவங்கள் இருந்தால் ஐயம் எழலாம். அப்போதும் உடனே போலி என்று தள்ளிவிட முடியாது. பெரியாரின் இதழ்கள் 1935 முதலே அவ்வடிவங்களைப் பயன்படுத்திவந்தன, அவற்றைப் பின்பற்றி எழுதியவர்களும் இருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறைக்குத் தபால்தலையே போதும். பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 அன்று பதின்ம நாணய முறைக்கு மாறியது. ஹோல்டவே 1970-இல் இறந்தவர். புதிய பென்ஸ் கணக்கில் தபால்தலை ஒட்டிய உறையில் அவரது கையொப்பக் கடிதம் இருந்தால், உறையும் கடிதமும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. ஸ்பெயின், பெல்ஜியம், பிரான்ஸ் நாடுகளில் 2002-இல் யூரோ புழக்கத்துக்கு வந்ததும் இதேபோல் உதவும். முன்பக்க முத்திரை அனுப்பிய நாளையும், பின்பக்க முத்திரை வந்து சேர்ந்த நாளையும் காட்டும். இரண்டும் படிக்கும்படி இருப்பது அரிது. இருந்தால் அந்தக் கடிதம் பாக்கியம் செய்தது.

இதனால்தான் இன்லேண்ட் லெட்டரும் அஞ்சலட்டையும் சேகரிப்பவருக்கு உகந்தவை. எழுத்தும் முகவரியும் முத்திரையும் ஒரே தாளில் இருக்கின்றன, பிரிக்க முடியாது. ஆனால் தபால்தலை சேகரிக்கும் சிறுவர்கள் உள்ள வீட்டில் உறையின் மூலை வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சதுரத்தோடு தேதியும் போய்விடுகிறது.

யார் போட்ட கையொப்பம்?

கடிதம் அசல், உறை அசல், கையொப்பம் மட்டும் வேறொருவருடையது என்ற நிலையும் உண்டு. இதில் ஏமாற்று நோக்கம் இருக்க வேண்டியதில்லை. வால்ட் டிஸ்னிக்கு வந்த கடிதங்களின் அளவு காரணமாக அவர் சார்பில் கையொப்பமிட நிறுவன ஓவியர்கள் சிலர் அனுமதிக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஹேங்க் போர்ட்டர் குறிப்பிடத்தக்கவர். நூலட்டைகளில் கண்ட சுழித்த ‘வால்ட் டிஸ்னி’ எழுத்தை எதிர்பார்த்துப் போனவர்கள், டிஸ்னியின் உண்மைக் கையொப்பத்தைக் கண்டு இது போலி என்று நினைப்பதுண்டு. பெரும் ஓவியர்கள் பலரிடம் உதவியாளர் குழு இருந்தது. பிளாஸ்கோவின் உடன்பிறந்தோரே அவருக்கு உதவினர்.

பொதுவான சோதனைகள் எளியவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது மை புள்ளிப்புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. கோட்டின் தடிமன் தொடக்கம் முதல் முடிவுவரை சற்றும் மாறாமல், தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனா நின்ற அழுத்தப்புள்ளி இருந்தால் கையொப்ப இயந்திரம் போட்டதாக இருக்கலாம். ஒரே ஓவியரின் இரு கையொப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழையும் பிசகாமல் பொருந்துமானால் இரண்டையுமே நம்பக்கூடாது. மனிதக் கை அப்படி எழுதாது. ‘பீநட்ஸ்’ ஓவியர் சார்லஸ் ஷுல்ஸின் (1922–2000) பெயரில் ஸ்நூப்பி படம் வரைந்த போலித் தாள்கள் சந்தையில் ஏராளம். எளிய கோடுகளால் ஆன படம் என்பதால் எவரும் வரைந்துவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

காப்பது

நம் ஊர்களில் கடிதத்தைக் கெடுப்பதில் முதலிடம் லேமினேஷனுக்கு. அருமையான தாள் கிடைத்ததும் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச்சென்று பிளாஸ்டிக் உறைக்குள் சூடாக அழுத்திவிடுகிறார்கள். அதன்பின் அதைப் பிரிக்க வழியில்லை. மை மங்குவதும் தாள் பழுப்பதும் உள்ளேயே தொடரும். செல்லோ டேப் சில ஆண்டுகளில் மஞ்சள் கறையாகிறது. ரப்பர் பேண்ட் வெயிலில் உருகி ஒட்டிக்கொள்கிறது. குண்டூசியும் ஸ்டேப்ளர் கம்பியும் துருவேறித் தாளைத் துளைக்கின்றன. அமிலமில்லாத தாள் உறையில், மடிப்பை நீவி, படுக்கைவாக்கில் வைத்து, வெளிச்சமும் ஈரமும் படாத அலமாரியில் வைப்பது போதும். கோடையில் அனல் ஏறும் மொட்டைமாடி அறையும் பரணும் ஆகாது. இராமபாணப் பூச்சிக்கு அஞ்சிச் சுவடிக் கட்டுகளில் வசம்பும் வேப்பிலையும் வைத்த பழக்கம் உண்டு. அவற்றைத் தாளோடு ஒட்டாமல் பெட்டியின் மூலையில் துணியில் முடிந்து வைக்கலாம். குறிப்பு எழுத வேண்டுமானால் உறையின் மேல் பென்சிலால் எழுத வேண்டும். கடிதத்தின் மேல் வரிசை எண் போடுவது தவறு.

தாள் ஒருவருக்கு, எழுத்து ஒருவருக்கு

கடிதம் பெற்றவருக்கு அந்தத் தாள் சொந்தம். அதை விற்கலாம், கொடுக்கலாம். அதில் உள்ள எழுத்தையும் படத்தையும் அச்சிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்குமே உண்டு. 1741-இல் கவிஞர் அலெக்சாண்டர் போப் தம் கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட புத்தக வணிகர்மீது தொடுத்த வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் கண்ட வேறுபாடு இது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் உரிமை முதலில் படைத்தவருக்கே. கடிதத்தில் மூன்றாமவரின் குடும்பச் செய்தி, கடன், நோய் பற்றிய வரிகள் இருந்தால், சட்டம் எதுவாயினும் அவற்றைப் பொதுவில் வைப்பதற்கு முன் அவர்களைக் கேட்பது முறை.

சேகரிப்பு சென்றடையும் இடம்

தனி ஒருவரின் அலமாரியில் இருக்கும் கடிதக் கட்டு அவருக்குப் பின் பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அப்படிப் போகாமல் தப்பிய தமிழ்ச் சேகரிப்புகளில் தலையாயது கோட்டையூர் ரோஜா முத்தையாவுடையது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்த அவர், நூல்களோடு நில்லாமல் பிறர் குப்பை என்று கழித்த துண்டறிக்கை, அழைப்பிதழ், அஞ்சலட்டை வரை சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டை விட்டு எடுத்துச் செல்லாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-இல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. சித்திரக்கதைக்கென்றே அமைந்த காப்பகங்களுள் பெரியது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள பில்லி அயர்லாந்து கேலிச்சித்திர நூலகம். ‘ஸ்டீவ் கேன்யன்’ ஓவியர் மில்டன் கேனிஃப் தம் மூலப் படங்களையும் கடிதக் கோப்புகளையும் கொடுத்ததால் 1977-இல் அது உருவானது.

கேனிஃப் கொடுத்தவற்றில் அவருக்கு வந்த கடிதங்களும் இருந்தன. தமிழில் இந்த இரண்டாம் பாதிதான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஓவியர் எழுதிய பதில் வாசகர் வீட்டில் இருக்கும். வாசகர் கேட்ட கேள்வி ஓவியரின் குடும்பத்தார் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியில் இருக்கும். ‘நீங்கள் கேட்ட மூன்றாவது படத்தை நான் வரையவில்லை’ என்பதுபோன்ற ஒரு வரி பதிலில் இருக்குமானால், கேள்விக் கடிதம் கிடைக்காதவரை அது எந்தப் படம் என்று யாருக்கும் தெரியாது. எனவே ஓவியரின் கடிதத்தை வாங்குபவர், அதை முதலில் பெற்ற வாசகர் அல்லது அவர் வீட்டார் இருந்தால் அவர்களிடம் கேட்டு, எந்த இதழைப் படித்து எழுதினார், என்ன கேட்டார் என்பதை அன்றைக்கே ஒரு தனித்தாளில் எழுதித் தேதியிட்டு அதே உறையில் வைத்துவிடுவது வழக்கம்.